இரண்டில் ஒன்று போனால்

பொன்முடி
12 பிப்ரவரி 2024

ஜெயத்துக்கு,

இங்கே வந்து ஐந்து நாளாகிறது. இருபத்தொன்றாம் வளைவில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் போனில் இரண்டு கோடு வருகிறது. ஏறி நின்று நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்து, "டியூஷன் நடந்துண்டிருக்கு, எதுவானாலும் எழுதி அனுப்புங்கோ. போன்ல நீங்க 'ம்' தவிர வேற ஒண்ணும் சொல்றதில்லை" என்று வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். ஆபீசை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று ஆரம்பிக்காமல் இருப்பதே பெரிய பாடாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பறவைப் புத்தகத்துக்கு இன்னும் ஒரே ஒரு படம்தான் பாக்கி. நாற்பது படம் தேறிவிட்டது. நாற்பத்தொன்றாவது, குஞ்சுகளோடு காட்டுக்கோழிப் பெட்டை. சேவலை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், நாலு பேர் பார்க்கட்டும் என்று கூவிக்கொண்டே நிற்கும். பெட்டை சருகு நிறத்தில் சருகுக்குள்ளேயே இருந்துகொண்டு, கண் சிமிட்டினால் காணாமல் போகும். குஞ்சு வேறு பொரித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்து மாடம்மாள்தான் இடம் சொன்னாள். பழைய தேயிலை ஷெட்டுக்குப் பின்னால், கறையான் புற்று உடைந்து கிடக்கும் வெட்டவெளி. காலை வெயில் விழுந்ததும் அங்கே குஞ்சுகளோடு கிளறுகிறதாம். பச்சைத் துணிக் கூடாரம் கட்டி, லென்ஸை நீட்டிக்கொண்டு நாலு நாளாக உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. நான் உள்ளே நுழைவதை எங்கிருந்தோ பார்த்துவிடுகிறது. மாசக் கடைசி தாண்டினால் குஞ்சுகள் வளர்ந்துவிடும். நாகர்கோவில் அச்சகத்தாருக்கு மார்ச் பத்துக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். இந்தப் படம் இல்லாவிட்டால் புத்தகம் அடுத்த வருஷம்தான்.

நீ வர வேண்டும். மாடம்மாள் தினமும் கேட்கிறாள்: "டீச்சர் வரல்லியா ஸாரே? அவங்க வந்தாத்தானே கோழிக்கு ஒரு விஸ்வாசம், நம்பிக்கை?"

பிழைதிருத்தக் கொடுத்தேனே, அந்த அச்சுப்படியைப் படித்ததிலிருந்து நீ சரியாகப் பேசவில்லை. எழுத்துப்பிழை அவ்வளவு அதிகமா?

ஸ்ரீகண்டன்


ஸ்ரீவராகம்
15 பிப்ரவரி 2024

உங்களுக்கு,

நமஸ்காரம். எழுத்துப்பிழை மொத்தம் பதினேழு. இரண்டு இடத்தில் 'கொண்டை' என்பது 'கொண்டே' ஆகியிருந்தது. எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். பதினெட்டாவது பிழையைத்தான் திருத்தத் தெரியவில்லை. கடைசியில் 'நன்றி' என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறீர்களே, அங்கே இருக்கிறது.

ஒன்பது பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். கேமரா முக்காலியைப் பஸ்ஸில் முன் சீட்டில் வைத்துக் கொண்டுவந்த கண்டக்டர் பிபினுக்கு. எஸ்டேட் வாட்ச்மேன் தங்கபாண்டிக்கு. தங்கபாண்டியின் நாய்க்கு. 'வித்துராவில் சூடாகப் பரோட்டா போட்டுத் தந்த நண்பருக்கு.' இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தேன். பரோட்டா இருக்கிறது, நான் இல்லை.

நான் கணக்கு டீச்சர். கணக்காகவே சொல்கிறேன். கோழிக்கு எண்ணத் தெரியாது என்பதுதான் உங்கள் வித்தை. இரண்டு பேராகப் பேசிக்கொண்டு கூடாரத்துக்குள் போவோம். கொஞ்ச நேரம் கழித்து நான் மட்டும் வெளியே வந்து, கோழிக்கு நன்றாகத் தெரியும்படி பாதையில் இறங்கிப் போவேன். மனுஷர்கள் போய்விட்டார்கள் என்று அது நம்பிவிடும். இரண்டில் ஒன்று போனால் பூஜ்யம். கோழிக்கு அவ்வளவுதான் கணக்கு.

இருபத்திரண்டு வருஷமாக நான் போய்க்கொண்டிருக்கிறேன். பொன்முடி, போணக்காடு, தென்மலை. "திரும்பிப் பாக்கப்படாது, திரும்பினா அதுக்குச் சந்தேகம் வரும்" என்று நீங்கள் சொன்னது காதில் இருக்க, நேரே இறங்கிப் போய் மாடம்மாள் வீட்டுப் பக்கத்துப் பாறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். நீங்கள் வந்து, "கிடைச்சுது" என்பீர்கள், அல்லது தண்ணீர் மட்டும் கேட்பீர்கள். இத்தனை வருஷத்தில் காட்டுக்கோழிப் பெட்டையை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால்தான் அது வந்து போயிருக்கிறது.

கோழி எண்ணத் தெரியாமல் என்னை விட்டது. நீங்கள் எம்.ஏ. படித்தவர்.

இங்கே வெயில் தாங்கவில்லை. உங்கள் மாத்திரை டப்பாவில் வியாழக்கிழமை அறை காலியாக இருந்ததே, பார்த்து நிரப்பிக்கொண்டீர்களா?

ஜெயலக்ஷ்மி


பொன்முடி
19 பிப்ரவரி 2024

ஜெயத்துக்கு,

கடிதத்தை பிபின் கொடுத்தான். பஸ் நிறுத்தத்திலேயே பிரித்துப் படித்தேன், அவன் பஸ் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, "எந்தா ஸாரே, மோசம் வார்த்தையோ, கெட்ட சேதியோ?" என்று கேட்டான். உன் பெயரை விட்டுவிட்டு அவன் பெயரைப் போட்டேன் என்று அவனிடம் சொல்ல முடியுமா?

கோபப்படாமல் கேள். வேண்டுமென்று விடவில்லை. நம் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்? நீ காபி கொண்டுவந்து வைத்தால் நான் 'தேங்க்ஸ்' என்றால் உனக்கே சிரிப்பு வராதா? அந்தப் பட்டியலை எழுதும்போது 'எனக்கு யார் யார் உதவினார்கள்' என்று யோசித்தேன். உன்னை அந்த வகையில் சேர்க்கத் தோன்றவே இல்லை. தன் வலது கைக்கு யாராவது நன்றி எழுதுவார்களா? நேற்று எழுதியும் பார்த்தேன். 'என் மனைவி ஜெயலக்ஷ்மிக்கும் நன்றி.' சங்க ஆண்டுவிழாவில் மைக் செட்காரருக்கு நன்றி சொல்கிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

நீ இல்லாமல் இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தங்கபாண்டியை உன் வேலைக்கு வைத்துப் பார்த்தேன். முதல் நாள் பத்தடி போனான், திரும்பி, "வந்துதா ஸாரே?" என்று உரக்கக் கேட்டான். இரண்டாம் நாள் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை, கையால் ஜாடை காட்டினான். மூன்றாம் நாள் நாயைக் கட்டிப்போட மறந்துவிட்டான். அது நேரே கூடாரத்துக்குள் வந்து என் மடியில் படுத்துக்கொண்டது. அதற்கு நன்றி எழுதினது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

மாடம்மாளும் வரமாட்டேன் என்கிறாள். "லயத்து ஆளைக் கண்டா அது வருமா ஸாரே? எங்க ஆளுங்க கண்ணி வச்சுப் பிடிச்சதெல்லாம் அதுக்கு ஓர்மை உண்டு கேட்டோ." திரும்பிப் பார்க்காமல் போக உன்னைவிட்டால் ஆளில்லை, ஜெயம். குஞ்சுகளை நேற்று தூரத்தில் ஒரு நொடி பார்த்தேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான்.

மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ரசம்தான் இங்கே ரசமாக இல்லை.

ஸ்ரீகண்டன்


ஸ்ரீவராகம்
26 பிப்ரவரி 2024

நமஸ்காரம்.

உடனே பதில் எழுதவில்லை. பொங்காலை முடியட்டும் என்று இருந்தேன். நேற்று ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்காலைப் பொங்கல். நம் தெரு முழுக்க அடுப்பு, எனக்கு வழக்கம்போல மின்கம்பத்துக்குப் பக்கத்தில் மூன்று செங்கல். புகையில் எல்லாருக்கும் கண்ணீர் வருவதால் ஒரு சௌகரியம், யாரும் எதற்கென்று கேட்பதில்லை. பக்கத்து அடுப்பு ராஜஸ்ரீ மாத்திரம், "மாமா எங்க மாமி, கோழி பிடிக்கவா?" என்றாள். "பிடிக்கலை, அதான் வரலை" என்றேன். நல்லவேளை, என் பானை முதலிலேயே பொங்கிவிட்டது.

வலது கை என்று எழுதியிருந்தீர்கள். வலது கையைக் கூடாரத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு யாராவது படம் எடுப்பார்களா? நன்றி வரி எழுதிக் கிழித்தது சரிதான். இனி அதை எழுதவும் வேண்டாம், எனக்கு அது வேண்டியதில்லை. வேண்டியது வேறு.

வருகிறேன். ஆனால் இந்தத் தடவை நான் உள்ளே உட்காருவேன். நீங்கள் போவீர்கள்.

யோசிக்காதீர்கள். கோழிக்கு எண்ணத் தெரியாது என்றால் ஆண் எது பெண் எது என்றும் தெரிந்திருக்காது. வருகிற திங்கட்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை தொடங்குகிறது. அதற்கு முந்தின இரண்டு நாள் அவர்களைச் சும்மா விடுவதுதான் நல்லது. சனிக்கிழமை வருகிறேன், ஞாயிறு பகல் பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். ஒரே ஒரு காலை. படம் விழுந்தால் உங்கள் புத்தகம். விழாவிட்டால் அடுத்த வருஷம்வரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கலாம். நான் ஒரு தடவை அந்தக் கோழியைப் பார்க்க வேண்டும். முடியாது என்றால் பிபினிடம் சொல்லி அனுப்புங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று பொய் சொல்லத் தயாராக இல்லை.

ஜெயலக்ஷ்மி


பொன்முடி
28 பிப்ரவரி 2024

ஜெயம்,

சரி, வா.

இந்த இரண்டு வார்த்தையை எழுத ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆயிற்று. பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கும் படம். நீ இதுவரை போனில் வினாத்தாளைத்தான் படம் எடுத்திருக்கிறாய், அதிலும் ஓரத்தில் உன் விரல் இருக்கும்.

கேமராவை எல்லாம் சரிபண்ணி வைத்துவிடுகிறேன். நீ பொத்தானை அழுத்தினால் போதும். கண்ணாடி வளையலைக் கழற்றிவிடு. பளிச்சென்று எதுவும் உடுத்தாதே, அந்தப் பாசிப்பச்சைக் காட்டன் சரியாக இருக்கும். உள்ளே போனபின் இருமல் வந்தால் முந்தானையைக் கடித்துக்கொள். உண்ணி ஏறும், சொரியக் கூடாது. முக்கியமாகச் சிரிக்காதே. உனக்கு எதற்குச் சிரிப்பு வரும் என்று சொல்ல முடியாது.

பிறகு, ரசப்பொடி கொண்டுவா.

ஸ்ரீகண்டன்


பொன்முடி
3 மார்ச் 2024, ஞாயிறு மாலை

ஜெயம்,

இதென்ன நியாயம்? கூடாரத்திலிருந்து வெளியே வந்தாய். கேமராவிலிருந்து கார்டைக் கழற்றிப் பர்சில் போட்டுக்கொண்டாய். "பஸ்ஸுக்கு நேரமாயிடுத்து" என்றாய். வந்ததா என்று கேட்டேன், "எழுதறேன்" என்றாய். பஸ் வளைவில் மறையும்வரை நின்றேன். நீ ஜன்னல் வழியாகக் கை மட்டும் காட்டினாய். அந்தக் கையில் என்ன அர்த்தம் என்று மாடம்மாளும் தங்கபாண்டியும் நானும் ஒரு மணி நேரமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். வந்திருக்கிறது என்று மாடம்மாள் சொல்கிறாள். இல்லை என்று தங்கபாண்டி சொல்கிறான்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். நீ பார்த்திருப்பாய். முதல் தடவை, கூடாரத்தின் கதவுத்துணியைச் சரியாக மூடினேனா என்று சந்தேகம். இரண்டாம் தடவை, அந்தப் புற்றுக்குள் பாம்பு ஏதாவது இருக்குமோ என்று தோன்றியது. அத்தனை நாள் நான் உட்கார்ந்தபோது அந்தப் புற்றில் பாம்பு என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. மூன்றாம் தடவை ஏன் என்று தெரியவில்லை, கால் போகமாட்டேன் என்றது. தங்கபாண்டியை என்னென்னவோ திட்டினேனே, அவனைவிட நான் மோசம்.

பிறகு உன் பாறையில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். மாடம்மாள் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து தந்தாள். "டீச்சர் இங்கயே இருந்து பேப்பர் திருத்தும். இடையில இடையில பாதையைப் பார்க்கும். ஸார் வர்ற நடை கண்டாத்தான் அடுத்த பேப்பர் எடுக்கும்" என்றாள். இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது. நீ அங்கே நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். எப்படித்தான் திரும்பிப் பார்க்காமல் போனாய், ஜெயம்?

கோழி வந்ததா இல்லையா?

ஸ்ரீகண்டன்


ஸ்ரீவராகம்
5 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

வந்தது.

பஸ் ஏறும்போதே சொல்லியிருக்கலாம். நீங்கள் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக, வெளிச்சம் எங்கே என்று கேள்வி கேட்டிருப்பீர்கள். கொஞ்ச நேரம் அது என்னுடையதாக மாத்திரம் இருக்கட்டும் என்று தோன்றியது.

நீங்கள் போய் நாற்பது நிமிஷம் கழித்து. முதலில் சருகுச் சத்தம்தான். பிறகு சருகே எழுந்து நடப்பதுபோல அது வெளியே வந்தது. நம் தெருக்கோழி மாதிரி கொக்கரித்துக்கொண்டு வரவில்லை. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து வைக்கிறது. மார்பில் வெள்ளைச் செதில் செதிலாக, ஒவ்வொரு செதிலுக்கும் கறுப்புக் கரை. இதைப் போய்ச் சருகு நிறம் என்று எழுதினீர்களே! பின்னால் குஞ்சுகள். எண்ணினேன், ஐந்து. ஒன்று பின்தங்கி நின்றது. அது வரும்வரை தாய் ஓரடி எடுத்து வைக்கவில்லை. நான்கு வந்துவிட்டது, ஐந்தாவதற்குக் காத்திருக்கிறது. கோழிக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னது யார்? தன் குஞ்சுகளை எண்ணத் தெரிகிறது. மனுஷர்களை எண்ண வேண்டிய அவசியம்தான் இல்லை போலிருக்கிறது.

பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். பிறகு ஞாபகம் வந்து பதினோரு படம் எடுத்தேன். மூன்றில் வெறும் சருகு. ஒன்றில் அவள் ஒரு இறக்கையைத் தாழ்த்தி நிற்கிறாள், கீழே மூன்று தலை தெரிகிறது. உங்கள் நாற்பத்தொன்றாவது படம் அதுதான். அதற்குக் கீழே என் பெயர் இருக்க வேண்டும். 'விலகி நடந்தவர்: ஸ்ரீகண்டன்' என்று உங்கள் பெயரும் இருக்கலாம்.

கார்டில் முதல் படம் கோழி இல்லை. கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதையில் போய்க்கொண்டிருந்த உங்களை எடுத்தேன். மூன்றாம் தடவை திரும்பினீர்களே, அது. கையில் குடை, முகத்தில் பரீட்சைக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற அப்பாவின் களை. எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையைக் கடித்துக்கொண்டேன். பிறகு வேறொன்று தோன்றியது. கூடாரத்துணியின் அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால், கோழி வருவதற்கு முன்னால் தெரிவது போகிற ஆள் மட்டும்தான். அப்படியானால் இருபத்திரண்டு வருஷமாக நீங்களும் முதலில் என்னைத்தானே பார்த்திருக்க வேண்டும்?

கார்டை பிபினிடம் பத்திரமாகக் கொடுத்திருக்கிறேன். ரசப்பொடியைக் குழம்பில் போடாதீர்கள்.

ஜெயம்


நாகர்கோவில்
13 மார்ச் 2024

அன்புள்ள ஜெயத்துக்கு,

இங்கே போனில் நாலு கோடும் இருக்கிறது. ஆனாலும் இதை எழுதினால்தான் சரியாக இருக்கும்.

உன் படத்தை அச்சகத்தில் பெரிதாக்கிப் போட்டுப் பார்த்தோம். அச்சகத்தார், "இது யாரு எடுத்தது?" என்று கேட்டார். மற்ற நாற்பதுக்கும் அவர் அப்படிக் கேட்கவில்லை. கொஞ்சம் எரிச்சலாகவும் ரொம்பப் பெருமையாகவும் இருந்தது. நீ சொன்னபடியே இரண்டு பெயரும் போட்டாயிற்று.

உன் கேள்வி என்னை விடவில்லை. பழைய படங்கள் எல்லாம் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை இங்கே கொண்டுவந்திருந்தேன். லாட்ஜில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளின் படங்களையும் முதலிலிருந்து திறந்தேன். ஒவ்வொன்றிலும் முதல் படம் நீ. வெளிச்சம் பார்க்க எடுத்தவை. அந்தப் பாதையில் அசைகிறது நீ ஒருத்திதானே, உன்மேல் வைத்துத்தான் எல்லாம் சரிபண்ணியிருக்கிறேன். மங்கலான கோழி, வாலில்லாத கோழி என்று ஆயிரக்கணக்கில் அழித்திருக்கிறேன். இதில் ஒன்றைக்கூட அழித்ததில்லை. ஏன் அழிக்கவில்லை என்று அப்போது யோசித்ததும் இல்லை.

முப்பத்தாறு முதுகு, ஜெயம். நீலப்புடவை, கக்கத்தில் விடைத்தாள் கட்டு. மழையில் ஒன்று, முந்தானை தலைமேல். முடி கறுப்பாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பது தெரிகிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் சாப்பாட்டுக் கடை மூடிவிட்டார்கள். நான் பெரிய மடையன். உன்னிடம் அதை நேரில் சொன்னால் 'ம்' என்றுதான் வரும், அதனால் எழுதிவிடுகிறேன். நீ போகாமல் எனக்கு ஒரு படமும் இல்லை. நீ திரும்பி வராமல் இருந்தால் எனக்கு அவை எதற்கு என்றும் தெரியவில்லை.

முப்பத்தேழாவது ஒன்று இருக்கிறது. அதில் மட்டும் நீ திரும்பிப் பார்க்கிறாய். அன்று கோழி வரவே இல்லை, நான் உன்னிடம் கத்தினேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ பதில் சொல்லவில்லை. ஏன் திரும்பினாய்?

நன்றிப் பக்கத்தில் ஒன்பது பேரும் இருக்கட்டும். அதற்கு எதிர்ப்பக்கம் முழுசாக ஒரு படம், நீலப்புடவை முதுகு. கீழே ஒரே வரி: 'இவர் போன பிறகே பறவைகள் வந்தன.' சரியா? திங்கட்கிழமைக்குள் எழுது.

ஸ்ரீகண்டன்


ஸ்ரீவராகம்
15 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

வரியைப் படித்துவிட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். 'இவர் போன பிறகே பறவைகள் வந்தன.' நான் ஏதோ பறவைகளை விரட்டுகிறவள் மாதிரி அல்லவா இருக்கிறது! இந்த ஊரில் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். ராஜஸ்ரீ முதல் ஆளாக நம்புவாள். எம்.ஏ. படித்தவருக்குப் பத்தொன்பதாவது பிழை இது.

பிறகு சிரிப்பு நின்று கொஞ்சம் அழுதேன். அதற்குப் புகை ஒன்றும் காரணமில்லை. முடி வெளுத்தது முதுகுப்பக்கம் முன்பே தெரிந்திருந்தால் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

முப்பத்தேழாவது படத்தின் தேதியைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 என்றிருக்கும். நெஞ்சில் அடைப்பு எடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வீட்டுக்கு வந்து பதினெட்டாம் நாள். தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேவலுக்கு இதுதான் சமயம் என்று நீங்கள் குதித்தீர்கள், கூட்டிக்கொண்டு வந்தேன். கூடாரத்துக்குள் உங்களைத் தனியாக உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போல நடந்தேன். பாதி வழியில் முடியவில்லை. கோழி பார்த்தால் பார்க்கட்டும் என்று திரும்பிவிட்டேன். துணி ஓட்டையில் லென்ஸ் அசைந்தது. அப்பாடா என்று இருந்தது, மேலே நடந்தேன். நீங்கள் கத்தினபோது பதில் சொல்லாததற்குக் காரணம், கத்துகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்ற சந்தோஷம்.

நீலப்புடவை வேண்டாம். அந்த முப்பத்தேழாவதையே போடுங்கள், அதில்தான் எனக்கு முகம் இருக்கிறது. கீழே இப்படி இருக்கட்டும்: 'இரண்டில் ஒன்று போனால் மீதி ஒன்று.' கோழிக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. அந்த ஒன்று உள்ளே நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்று திரும்பினேன்.

ஜெயம்